கழுத்தூர்

மே 19, திங்கள்

இன்று கடையில் மூன்று காதுகுத்து, ஒரு வீடு குடிபுகுதல், ஒரு கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலிக்காரருக்கு நல்ல படம் இல்லை. இருந்த ஒரே படத்தில் லுங்கி கட்டிக்கொண்டு வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல என் உடம்பைக் கொடுத்தேன்.

இதை விளக்காமல் விட்டால், பின்னால் படிக்கும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். கமாலுதீன் பாய் இந்த பிளெக்ஸ் கடையைத் தொடங்கிய புதிதில், வெள்ளைச் சட்டையும் கும்பிட்ட கையுமாக என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். நல்ல படம் இல்லாதவர்களின் தலையை மட்டும் வெட்டி அந்த உடம்பில் ஒட்டிவிடுவோம். ஆரப்பாளையத்திலிருந்து அவனியாபுரம் வரைக்கும் தாய்மாமன்கள், வட்டச் செயலாளர்கள், செத்துப்போனவர்கள் எல்லாரும் என் கையால்தான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். என் தலை மட்டும் எங்கும் இல்லை. அதை வெட்டியவள் மங்கையர்க்கரசி. வேலைக்குச் சேர்ந்த அன்று, கை பழகுவதற்காக.

மங்கை எனக்கு இடதுபக்கத்து கம்ப்யூட்டர். படித்தது பி.காம். தலை வெட்டுவதில் அவளை அடிக்க ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவள் எதையோ வரைந்துகொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் பிடிக்கப் போனபோது கண்ணில் பட்டது, அவ்வளவுதான்.

மே 21, புதன்

இன்றும் தண்ணீர் பிடிக்கப் போனேன். நாலைந்து தடவை.

அவள் வரைவது ஓர் ஊர். தலை வெட்டியபின் நாம் அழித்துவிடுகிற உடம்புகள் எல்லாம் போய்ச் சேருகிற ஊராம். கழுத்தூர் என்று பெயர் வைத்திருக்கிறாள். வெட்டி மிஞ்சிய உடம்புகளை ஒட்டி, மிச்சத்தை அவளே வரைகிறாள். பட்டுப்புடவை கட்டிய ஒரு கல்யாணப் பெண்ணின் கழுத்துக்குமேல் தூக்கணாங்குருவிக் கூடு. கோட்டு சூட்டு போட்டவனுக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் தெருவிளக்கு, அதைச் சுற்றிப் பூச்சி. ஒரு கிழவிக்குப் பித்தளைக் குடம், அது ததும்பித் தோளெல்லாம் நனைந்திருக்கிறது. தண்ணீரில்லாத ஆற்றில் இவர்கள் எல்லாரும் வரிசையாக நடந்து போகிறார்கள். எங்கே போகிறார்கள் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது, அதுதான் எரிச்சல்.

கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் படித்தவன் நான். எலும்பு, தசை, நிழல் எல்லாம் எனக்குத் தெரியும். அவள் போட்டிருக்கிற தோள்பட்டை தப்பு. நிழல் இரண்டு பக்கமும் விழுகிறது, அதுவும் தப்பு. இத்தனை தப்போடு ஒரு படம் எப்படி நன்றாக இருக்க முடியும்?

வயிறு எரிகிறது. எழுதிவிட்டால் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

மே 30, வெள்ளி

சென்னையில் ஒரு பதிப்பகம் ஓவியர்களுக்கு அழைப்பு விட்டிருக்கிறது. சொந்தமாக ஒரு கற்பனை உலகம், பத்துப் படங்கள், ஜூலைக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். தேறுகிறவருக்கு ஒரு புத்தகம் முழுவதும் கொடுப்பார்கள். முதலில் அவரவர் ஊரிலேயே கண்காட்சி. காலையில் பேருந்தில் வரும்போது போனில் பார்த்தேன்.

மங்கையிடம் சொல்ல மறந்துவிட்டது. நாள் முழுவதும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் பூமயிலிடம் சொன்னேன். சேலை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் புள்ளைட்ட சொன்னீங்களா?"

"அவளுக்கு எதுக்கு? அவ என்ன ஆர்ட்டிஸ்ட்டா?"

"பின்ன தெனமும் வந்து அவ படத்தப் பத்தித்தான பேசுறீங்க? பத்து நாளா வேற பேச்சே இல்ல."

இப்படிக் கோணலாகப் பேசுவதில் என் மனைவியை மிஞ்ச முடியாது.

ஜூன் 3, செவ்வாய்

அழைப்பை மங்கையே எங்கிருந்தோ பார்த்துவிட்டாள். காலையில் கடைக்குள் நுழையும்போதே போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"அண்ணே, நீங்க போடுங்கண்ணே. நீங்கதான் படிச்சவரு. நானும் சும்மா போடலாமான்னு பாக்குறேன். வீட்டுல கம்ப்யூட்டர் இல்ல. சாப்பாட்டு நேரத்துல இங்கயே வரஞ்சுக்கவான்னு பாய்ட்ட கேட்டேன், சரின்னுட்டாரு."

இருந்த ஏழு படங்களையும் காட்டி, எப்படி இருக்கிறது என்று கேட்டாள். தோள்பட்டையைச் சொன்னேன். நிழலையும் சொன்னேன். தோள்பட்டையை அப்போதே திருத்தினாள். நிழலைத் தொடவில்லை.

"அந்த ஊர்ல ரெண்டு நெலாண்ணே" என்றாள்.

இரண்டு நிலா. எனக்கு ஏன் தோன்றவில்லை? கம்ப்யூட்டரில் 'சொந்தம்' என்று எனக்கு ஒரு போல்டர் உண்டு. அதில் கல்லூரி நாளில் போட்ட, முதுகில் பாய்மரம் விரித்த யானை ஒன்று இருக்கிறது. மற்றதெல்லாம் தொடங்கிவிட்டு விட்டவை. அவள் இதில் தேறிவிட்டால் போய்விடுவாள். நான் கும்பிட்ட கையோடு இங்கேயே நிற்பேன்.

பத்துப் படம் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் இருந்த ஒன்றை அனுப்பிவைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை பெரிய முகூர்த்தம். மூச்சு விட நேரமில்லை. உசிலம்பட்டிக் கல்யாண பேனர் ஒன்றை நானே முடித்தேன். மங்கை மதியம் எட்டாவது படத்தைத் தொடங்கினாள். இறந்துபோன மீன்களுக்கு ரேஷன் கொடுக்கிற கடை. என்ன பெண் இவள்?

ஜூன் 8, ஞாயிறு

கல்யாண பேனர்களில் ஒரு முறை உண்டு. வீட்டில் தவறிப்போன பெரியவர்களை மேலே மேகத்துக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு எரியவிடுவோம். உயிரோடு இருக்கிறவர்கள் கீழே, நிற்கிற வரிசையில். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

உசிலம்பட்டி மாப்பிள்ளையின் தாத்தா படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது அவர் கழுத்தில் பெரிய மாலை இருந்தது. மாலை போட்ட படம் என்றால் என்ன நினைப்பார்கள்? யாராக இருந்தாலும் மேகத்தில்தான் வைப்பார்கள். 'தாத்தா முன்னிலை' என்று அடுத்த செய்தியில் எழுதியிருந்ததாம். அதைப் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் கவனம் கொஞ்சம் இடதுபக்கம் இருந்திருக்கலாம்.

இன்று காலை மண்டபத்து வாசலில் தாத்தா வேனிலிருந்து இறங்கி, நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மேகத்துக்குள் அவர். பக்கத்தில் விளக்கு. எண்பதாவது பிறந்தநாளுக்குப் பேரன்கள் போட்ட மாலையாம் அது.

முகூர்த்தம் முடிந்த கையோடு பேனரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு பத்துப் பேர் கடைக்கு வந்துவிட்டார்கள்.

"உசுரோட இருக்க மனுசனுக்கு வெளக்கு வச்சிருக்கீங்களேய்யா. கல்யாணமும் அதுவுமா இப்படியா பண்ணுவாய்ங்க?"

பாய் கையெடுத்துக் கும்பிட்டு, தண்ணீர் கொடுத்து, ஒருவழியாக அனுப்பினார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு பாத்த வேல இது?"

"ரெண்டு பேருந்தான் பாய் இருந்தோம்" என்றேன். அது பொய் இல்லை. இரண்டு பேரும் இருந்தோம்.

பாய் மங்கையைப் பார்த்தார். தலைப் படமெல்லாம் அவள் பொறுப்பு. போதாததற்கு, சாப்பாட்டு நேரத்தில் படம் போட அனுமதி வாங்கியவள். "அந்தப் பொம்ம வரையிற நெனப்புலயே இருந்தா இப்படித்தாம்மா ஆகும்" என்றார். மங்கை என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் பிரிண்டருக்கு மை இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

ஜூன் 9, திங்கள்

மங்கையைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டார் பாய். பேனர் ஓரம் மடித்து, கயிறு கட்ட வளையம் அடிக்கிற வேலை. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராக முடிவுசெய்தது.

ஜூன் 10, செவ்வாய்

உசிலம்பட்டித் தாத்தாவே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் குடை. அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று பாய் எழுந்தே நின்றுவிட்டார்.

"அந்த பேனர எங்கய்யா வச்சிருக்கீக? கிழிச்சுட்டீகளா?"

இல்லை, பின்னால் சுருட்டிக் கிடக்கிறது என்றார் பாய்.

"குடுங்க. வீட்டுக்குக் கொண்டுபோறேன். எங்க வீட்டு ஆளுகள நம்பி நான் போய்ச் சேந்தா, எனக்கு என்ன படம் வைப்பாய்ங்கன்னு தெரியாது. இது நல்லா இருக்கு. மேகத்துல ஒரு லட்சணமா இருக்கேன். என் ஆயுசுல என்னய யாரும் இப்படிப் பாத்ததில்ல. யாரு செஞ்சது?"

பாய் சிரித்துவிட்டு மங்கையைக் கூப்பிட்டார். அவள் கையில் சுத்தியலோடு வந்து நின்றாள். தாத்தா அவள் தலையில் கை வைத்து, "நல்லா இருத்தா. ஒனக்குக் கைராசி இருக்கு" என்றார்.

அந்த மேகம் நான் போட்டது. ஓரத்தில் அந்த இளம் மஞ்சள், நானே கலந்து வைத்தது. சும்மா ஒட்டுகிற மேகம் இல்லை. நெற்றியில் ஒளி விழுகிற மாதிரி கால் மணி நேரம் உட்கார்ந்து செய்தேன். 'நான் செய்தது' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும். தப்புக்கும் அவள், பாராட்டுக்கும் அவள்.

தாத்தா போகும்வரை மங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் எடுக்கிறவள் மாதிரி.

ஜூலை 2, புதன்

இடதுபக்கத்து கம்ப்யூட்டரில் இப்போது யாரும் இல்லை. எட்டாவது படம் பாதியில் நிற்கிறது. திறந்து பார்த்தேன், மூடிவிட்டேன். கெடு இந்த மாதக் கடைசி. கம்ப்யூட்டர் இல்லாமல் என்ன செய்வாள்? கஷ்டம்தான் என்று நினைத்தேன். நினைக்கும்போது நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் குளிர்ச்சிதான்.

பின்கட்டுக்கு டேப் எடுக்கப் போனேன். அங்கே தரை முழுவதும் கழுத்தூர்.

வெட்டிப்போட்ட பிளெக்ஸ் துண்டுகளின் பின்பக்கம் வெறும் வெள்ளை. அதில் கறுப்பு மார்க்கரால் வரைந்து, சுவருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்டைத் தொட்டுத் தொட்டு வெளிச்சம் வைத்திருக்கிறாள். வெட்டின உடம்பு ஒன்றுகூட இல்லை. எல்லாம் கையால் போட்டவை. ஆள் உயரப் பாட்டிகள். கூரை மேல் படுத்திருக்கிற ஒரு பேருந்து, அதன் மடியில் குட்டிப் பேருந்து. இதோடு ஒப்பிட்டால் கம்ப்யூட்டரில் இருந்ததெல்லாம் பால்வாடிப் படம். பழைய ஏழையும் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள்.

"கோடு எப்படிண்ணே இருக்கு?" என்றாள், நிமிராமல்.

"கோடுதான? இருக்கு" என்றேன்.

அவளைப் பின்கட்டுக்கு அனுப்பியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. அதாவது நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்காவிட்டால். இதற்குமேல் இதைப் பற்றி எழுத வேண்டாம்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. கல்யாணம் இல்லை, கடை ஈ ஓட்டுகிறது. நேரம் இல்லை, நேரம் இல்லை என்று இத்தனை வருடம் சொன்னேன். இன்று நாள் முழுவதும் நேரம். 'சொந்தம்' போல்டரைத் திறந்தேன். யானையின் பாய்மரத்துக்கு நிறம் மாற்றினேன். மறுபடி பழைய நிறத்துக்கே கொண்டுவந்தேன். பின்கட்டில் மார்க்கர் கீச் கீச்சென்று ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்துபோய் இடைக்கதவைச் சாத்தினேன்.

ஒன்று கவனித்தேன். கழுத்தூரில், அழித்த உடம்புகளோடு, நாங்கள் தலை ஒட்டுகிற கடை உடம்புகள் எல்லாமும் வந்துவிட்டன. கோட்டுக்காரன், பட்டுப்புடவைக்காரி, காக்கிச் சட்டை, பாய் ஒருமுறை போஸ் கொடுத்த ஷெர்வானிகூட. வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கை மட்டும் இல்லை. ஒவ்வொரு படமாகத் தேடினேன். ஊரையே தாங்குகிற உடம்பு அது. அவள் ஊரில் அதற்கு இடமில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

மங்கை தேறிவிட்டாள்.

பாய் பாதுஷா வாங்கிக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. 'தங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று தொடங்குவதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

முழுவதும் படித்தேன். அதில் வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

கண்காட்சி தல்லாகுளத்தில் ஒரு சின்ன அரங்கில். இந்த மாதம் முப்பதாம் தேதி தொடக்கம். அது முடிந்ததும் கடையை விட்டுப் போகிறேன் என்று பாயிடம் சொல்லிவிட்டாள். புத்தக வேலை தொடங்கிவிடுமாம். ஆவணி முகூர்த்தமெல்லாம் தலைக்குமேல் நிற்கிறது, பாய் புலம்பினார்.

மாலையில் என்னிடம் வந்தாள்.

"அண்ணே, பத்தும் பெரிய பெரிய துண்டு. ஓரம் மடிச்சு வளையம் அடிச்சு மாட்டணும். என்னோடத நானே அடிச்சா கோணலாப் போகுது. நீங்க வர்றீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் நினைத்தேன். "பாக்கலாம்" என்று வாய் சொல்லிவிட்டது. பூமயிலிடம் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பை எழுத முடியாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

அரங்கில் ஒன்பது படங்களுக்கு வளையம் அடித்து மாட்டினேன். பத்தாவது சுருட்டி மூலையில் நின்றது. அதை நான் பார்த்ததில்லை. மங்கை பிரித்துத் தரையில் விரித்தாள்.

வறண்ட ஆறு முடிகிற இடம். கழுத்தூர்க்காரர்கள் எல்லாரும், கூடும் குடமும் தெருவிளக்குமாக, வந்து சேர்ந்துவிட்டார்கள். எல்லாரும் மேலே பார்க்கிறார்கள். மேலே மேகத்துக்குள் ஒரு தலை. அந்த ஊரிலேயே ஒரே தலை.

என் தலை. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று வெட்டிய தலை இல்லை, இப்போது இருக்கிற தலை. காதோரம் நரை. வாய் எதையோ சொல்ல வந்து நின்ற மாதிரி. கண் இரண்டும் இடதுபக்கம் ஓரமாகப் போய் நிற்கின்றன, அவள் உட்கார்ந்திருந்த பக்கம். உசிலம்பட்டித் தாத்தா அவள் தலையில் கை வைத்தபோது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாமல் இருந்தது.

மேகத்தின் ஓரத்தில் அந்த இளம் மஞ்சள். அதையும் எடுத்துக்கொண்டாள்.

"கறுப்புவெள்ளைலதான எல்லாம்? இதுல மட்டும் ஏன் மஞ்சள்?" என்று கேட்டேன். வேறு எதையும் கேட்க வரவில்லை.

"அது உங்க மேகம்ணே. அத எப்படிக் கறுப்புவெள்ளைல போடுறது?"

தெரிந்திருக்கிறது. முதல் நாளே தெரிந்திருக்கிறது.

"பாய்ட்ட ஏன் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு நாலு நாள் பாத்தேன். அப்பறம் மார்க்கர எடுத்துட்டேன், மறந்துபோச்சு." பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். தனியாக வரைந்து, ஓரம் பிசிறில்லாமல் வெட்டியது. குத்துவிளக்கு, எரிகிற திரியோடு. "இது தலைக்குப் பக்கத்துல வர்றது. ஒட்டணுமா வேணாமான்னு நீங்களே பாத்துக்கங்கண்ணே. நான் போய் டீ சொல்லிட்டு வாறேன்."

போய்விட்டாள். நானும் படமும்.

விளக்கு இல்லாவிட்டால் அது யாரோ ஒருவன் வானத்திலிருந்து பார்க்கிற படம். விளக்கை ஒட்டினால், மதுரையில் யார் பார்த்தாலும் அவன் செத்தவன். பாய் பார்த்தால் மேகத்தையும் விளக்கையும் சேர்த்துப் பார்ப்பார், அவருக்கு எல்லாம் விளங்கிவிடும். துண்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பத்தடி தள்ளி நின்று படத்தைப் பார்த்தேன்.

இடதுபக்கம் காலி. கண் அந்தப் பக்கம் பார்க்கிறது, பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கூட்டம் எதற்கு மேலே பார்க்கிறது என்றும் தெரியவில்லை. நல்ல படம், ஆனால் நொண்டுகிறது. விளக்கை எடுத்து, பிரித்து, வைத்துப் பார்த்தேன். ஊர் முழுவதற்கும் வெளிச்சம் வந்துவிட்டது. எடுத்தேன். வைத்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அதே பதில்தான். கும்பகோணத்தில் நான் உருப்படியாகக் கற்றது இது ஒன்றுதான், ஒரு படத்துக்கு எது வேண்டும் என்று.

இரட்டைப் பக்க டேப் போட்டு ஒட்டினேன். எடுத்தால் கிழிகிற மாதிரி அழுத்தி ஒட்டினேன். அவள் டீயோடு வந்தபோது வளையம் அடித்துக்கொண்டிருந்தேன். அவள் படத்தைப் பார்த்தாள். டீயை என் கையில் கொடுத்தாள். டீயில் சீனி அதிகம்.

ஆகஸ்ட் 30, சனி

நல்ல கூட்டம். பத்தாவது படத்துக்கு முன்னால்தான் எல்லாரும் நின்றார்கள். ஒளிந்துகொள்ளத் தூண்கூட இல்லாத அரங்கு.

பாய் வந்தார். தலையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். மேகத்து ஓரத்து மஞ்சளைக் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உசிலம்பட்டி மேகம்."

"ஆமா பாய். நான் போட்டது."

"திங்கக்கெழமைலருந்து பின்கட்டுக்குப் போ" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "மேகம் நல்லாத்தான் போட்டிருந்த" என்றார்.

வயதான ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தவர், கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, அது உங்க அண்ணனா? எப்பத் தவறுனாரு?"

"நான்தாங்கய்யா அது. உசுரோடதான் இருக்கேன்."

அவர் என்னை உச்சியிலிருந்து பாதம்வரை நிதானமாகப் பார்த்தார், உறுதிசெய்துகொள்வதுபோல. "அப்பச் சரி" என்றார். "என்ன பண்றீக?"

பிளெக்ஸ் கடையில் வேலை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"படம் வரையிறேன்" என்றேன்.

பின்னால் மங்கை நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். நின்றாள். கேட்டுவிட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

பின்கட்டில் வளையம் அடித்தேன். பெருவிரலில் ஒரு அடி விழுந்தது. மங்கை உட்கார்ந்து வரைந்த இடத்தில் தரையில் மார்க்கர் கறை இன்னும் இருக்கிறது. மாலையில் ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"என்னது?" என்றாள் பூமயில்.

"ஒண்ணுமில்ல."

அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து இடம் விட்டாள்.

தலையை மங்கை போட்டுவிட்டாள். உடம்பு ஊர் முழுக்க நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதை வரையலாம் என்று கழுத்திலிருந்து தொடங்கினேன். பாதி வந்திருக்கிறது. மோசமில்லை.

மங்கை போட்டிருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும்.